71 பேர், 12 நிமிடம்: ஆர்கெஸ்ட்ரா கச்சேரியில் ஒரு புதிய படைப்பு இடம்பிடிக்கும் விதம்

மேற்கத்திய இசைக் கச்சேரி ஒன்றின் அறிவிப்பில் "புதிய கமிஷன் படைப்பும் ரொமான்டிக் கிளாசிக்குகளும்" என்று போட்டிருந்தால், தமிழ் வாசகரை அதில் இரண்டு சொற்கள் தடம் மாற்றிவிடும். கமிஷன் என்றால் நமக்குத் தரகுப் பணம். அதை விட்டால் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் உட்காரும் விசாரணைக் குழு. ரொமான்டிக் என்றால் காதல். இங்கே இரண்டுக்கும் வேறு பொருள்.

கமிஷன் என்பது, பத்தரிடம் அச்சாரம் கொடுத்து நகை செய்யச் சொல்வதைப் போன்றது. எத்தனை பவுன், என்ன வேலைப்பாடு, எந்தத் தேதிக்குக் கைக்கு வர வேண்டும் என்று பேசி முன்பணம் கொடுக்கிறோம் அல்லவா? ஆர்கெஸ்ட்ராவும் ஓர் இசையமைப்பாளரிடம் அப்படித்தான் பேசுகிறது: எத்தனை நிமிடம், எந்தெந்த வாத்தியங்கள், எந்த நாளில் முதல் அரங்கேற்றம். ரொமான்டிக் என்பது ஒரு காலகட்டத்தின் பெயர். தோராயமாக 1820-களில் தொடங்கி 1900-ஐ ஒட்டி முடியும். ஷூபர்ட், மெண்டல்சோன், ஷூமன், பிராம்ஸ், சாய்கோவ்ஸ்கி, ட்வோர்ஷாக் எல்லாரும் அந்தக் காலத்தவர்கள். இன்று உலகின் எந்தப் பெரிய அரங்கிலும் ரசிகர்கள் அதிகம் கேட்க விரும்பும் இசை பெரும்பாலும் அவர்களுடையதுதான்.

இந்த இரண்டையும் ஒரே மாலையில் ஏன் சேர்க்கிறார்கள்? கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல, பழைய பாட்டைக் காட்டிப் புதியதைக் கேட்க வைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். டிக்கெட் விற்பனையைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் மேடையில் போட்டிருக்கும் நாற்காலிகளில் இருக்கிறது.

ஒரு மாலையின் கணக்கு

வழக்கமான ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். முதலில் 12 நிமிடப் புதிய படைப்பு. அடுத்து சாய்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோ, ஏறக்குறைய 35 நிமிடம். 20 நிமிட இடைவேளை. பிறகு ட்வோர்ஷாக்கின் 9-ஆம் சிம்பொனி, அதாவது 'புதிய உலகிலிருந்து' என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்தது. 42 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் 109 நிமிடம். கைதட்டல், சுருதி சேர்ப்பது, நாற்காலி நகர்த்துவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

கான்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியக்காரர் முன்னால் நின்று வாசிக்க, முழுக் குழுவும் அவருக்கு ஈடுகொடுக்கும் வடிவம். சிம்பொனி முழுக் குழுவுக்காகவே எழுதப்படுவது. பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிய பிறகு அந்தச் சொல்லை நம் ஊரில் விளக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

புதிய படைப்பு ஏன் பெரும்பாலும் 8 முதல் 15 நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்பது மேலே உள்ள கூட்டல் கணக்கைப் பார்த்தாலே புரியும். 25 நிமிடம் எழுதித் தந்தால் கச்சேரி இரண்டேகால் மணி நேரம் ஆகும். பல நாடுகளில் குறித்த நேரத்தைத் தாண்டினால் கலைஞர்களுக்கு மேலதிகச் சம்பளம் தர வேண்டும். அதனால்தான் ஒப்பந்தத்தில் "சுமார் 12 நிமிடம்" என்று எழுதுகிறார்கள். அதை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரு வரி

ஆர்கெஸ்ட்ரா நூலகர்களும் மேலாளர்களும் ஒரு படைப்பைப் பார்த்ததும் முதலில் தேடுவது இப்படி ஒரு வரியைத்தான்:

2.2.2.2 – 4.2.3.1 – டிம்பனி + 2 – தந்திகள்

முதல் நான்கு எண்கள் மர ஊது வாத்தியங்கள்: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன். வரிசை எப்போதும் இதுதான், மாறாது. அடுத்த நான்கும் பித்தளை: ஹார்ன், ட்ரம்பெட், ட்ரோம்போன், டியூபா. பிறகு டிம்பனி என்ற பெரிய முரசுகளை வாசிப்பவர், அவரோடு மற்றத் தாள வாத்தியங்களுக்கு இரண்டு பேர். கடைசியாகத் தந்திகள். அதில் முதல் வயலின் 14, இரண்டாம் வயலின் 12, வியோலா 10, செல்லோ 8, டபுள் பாஸ் 6 என்று வைத்தால் 50 பேர். ஊதுபவர்கள் 18, தாளத்துக்கு 3. மொத்தம் 71.

மேலே உள்ள வரி ட்வோர்ஷாக்கின் 9-ஆம் சிம்பொனிக்கு ஆகும் ஆள் கணக்கு. சாய்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவுக்கு இதைவிடக் குறைவு: 2.2.2.2 – 4.2.0.0 – டிம்பனி – தந்திகள். ட்ரோம்போன் கிடையாது, டியூபா கிடையாது. அந்த நால்வரும் அப்போது மேடைக்குப் பின்னால் காத்திருப்பார்கள்.

இந்த வரிதான் புதிய படைப்புக்கு அடித்தளம். ஒரு ரொமான்டிக் சிம்பொனி அன்றைக்கு நிரலில் இருந்தால் நான்கு ஹார்ன், மூன்று ட்ரோம்போன், ஒரு டியூபா, 50 தந்திகள் எல்லாமே ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருக்கும். புதிதாக எழுதுபவருக்கு இவ்வளவு பெரிய வண்ணப்பெட்டி கூடுதல் செலவின்றிக் கிடைக்கிறது. மோட்சார்ட்டின் சிம்பொனி நிரலில் இருந்தால் இந்த வசதி இல்லை. அவர் சிம்பொனிகளில் ட்ரோம்போனுக்கும் டியூபாவுக்கும் இடமே கிடையாது. புதியதையும் ரொமான்டிக் காலத்தையும் இவ்வளவு அடிக்கடி ஜோடி சேர்ப்பதற்கு ரசனையைப் போலவே இந்த ஆள் கணக்கும் காரணம்.

இப்போது அந்த வரியை ஓர் இசையமைப்பாளர் எப்படிப் படிக்க வேண்டும் என்று பார்ப்போம். ட்வோர்ஷாக்கின் 9-ஆம் சிம்பொனியில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டுமே வேலை. மொத்தம் 14 ஸ்வரங்கள்! அந்தக் கலைஞர் எல்லா ஒத்திகைக்கும் வந்து, கச்சேரிக்கும் வந்து, அந்தப் பதினான்கையும் வாசித்துவிட்டுப் போகிறார். சிம்பலுக்கு, அதாவது பெரிய ஜால்ராவுக்கு, நான்காம் பகுதியில் ஒரே ஒரு தட்டு. ஆக, சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கும் டியூபாக்காரருக்கும் தாள வாத்தியக்காரர்களுக்கும் புதிய படைப்பில் நல்ல வேலை கொடுக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

தெரியாதவர்கள் 3.3.3.3 – 4.3.3.1 – டிம்பனி + 4 – ஹார்ப் 2 – பியானோ என்று எழுதிவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். மர ஊது வாத்தியத்தில் 4 பேர் கூடுதல், ட்ரம்பெட் 1, தாளம் 2, ஹார்ப் 2, பியானோ 1. பன்னிரண்டே நிமிடத்துக்குப் பத்துப் பேர் வெளியிலிருந்து வர வேண்டும். முதல் அரங்கேற்றத்துக்குப் பணம் கொடுத்த குழு எப்படியோ சமாளித்துவிடும். ஆனால் இரண்டாவது குழு அந்த வரியைப் பார்த்ததுமே கோப்பை மூடிவிடும். நல்ல இசை பல அலமாரியில் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒப்பந்தத்தில் இருப்பவை

நிமிடம், வாத்திய வரி, ஒப்படைக்கும் தேதி, கட்டணம், முதல் அரங்கேற்ற உரிமை, எத்தனை மாதம் வேறு யாரும் வாசிக்கக் கூடாது, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், நிரல் புத்தகத்தில் "இன்னார் கேட்டு எழுதப்பட்டது" என்று எப்படி அச்சிட வேண்டும். இவ்வளவுதான். கட்டணத்தில் பாதியைக் கையெழுத்திடும்போதும் மீதியை ஸ்கோர், அதாவது முழு இசையும் எழுதிய தாள், கைக்கு வந்ததும் கொடுப்பது பரவலான பழக்கம்.

இந்தப் பாதிக்குப் பாதி முறை புதிதல்ல. 1943-ல் நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்த இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கை, பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கண்டக்டர் (முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்துபவர்) செர்கெய் கூசெவிட்ஸ்கி நேரில் போய்ப் பார்த்து, 1,000 டாலர் கமிஷனில் பாதிக்கான காசோலையைக் கொடுத்தார். அன்று பார்ட்டோக்குக்கு உடம்பும் சரியில்லை, கையில் பணமும் இல்லை. அந்த அச்சாரத்தில் பிறந்ததுதான் 'கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா'. 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அரங்கேறியது.

முதல் அரங்கேற்ற உரிமை எவ்வளவு சிக்கலானது என்பதற்குப் பீத்தோவனின் 9-ஆம் சிம்பொனி உதாரணம். 50 பவுண்டு கொடுத்துக் கேட்டது லண்டனின் ஃபில்ஹார்மோனிக் சொசைட்டி. முதலில் ஒலித்ததோ வியன்னாவில், 1824 மே 7 அன்று. லண்டனுக்கு 1825 மார்ச்சில்தான் கிடைத்தது.

இப்போது இரண்டு, மூன்று ஆர்கெஸ்ட்ராக்கள் சேர்ந்து கூட்டாகக் கமிஷன் கொடுப்பது அதிகரித்திருக்கிறது. செலவு பங்காகிறது என்பது ஒரு நன்மை. எழுதியவருக்கு அதைவிடப் பெரிய நன்மை, முதல் நாளே இரண்டாவது, மூன்றாவது கச்சேரியும் உறுதியாகிவிடுவது.

ஸ்கோர் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது

கண்டக்டர் பார்ப்பது ஸ்கோர். எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் இருக்கும். கலைஞர்கள் பார்ப்பது அதுவல்ல. ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்க வேண்டியது மட்டும் கொண்ட தாள் இருக்கும். அதற்குப் பெயர் பார்ட். ஊதுபவர்களுக்கும் தாளக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒன்று, மொத்தம் 21. தந்திக்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு வீதம் பகிர்ந்துகொள்வார்கள்; 50 பேருக்கு 25. ஆக 46 பார்ட்டுகள் அச்சடித்து, ஒட்டி, சரிபார்த்து அனுப்ப வேண்டும். முதல் ஒத்திகைக்கு இரண்டு மாதம் முன்பாகவே இவை வந்து சேர வேண்டும் என்று நூலகர்கள் கேட்கிறார்கள்.

இரண்டு மாதமா என்று தோன்றும். முதல் வயலின் தலைவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் வில் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று பென்சிலால் குறிக்க வேண்டும். 14 வில்களும் ஒரே திசையில் ஓடுவது அழகுக்காக மட்டுமல்ல, ஒலியும் ஒன்றாக வருவதற்காக. அவர் குறித்ததைப் பார்த்து மற்றத் தந்திப் பிரிவுத் தலைவர்கள் தங்களுடையதைப் பொருத்துவார்கள். பிறகு நூலகர் அதை 25 பார்ட்டுகளிலும் கையால் ஏற்றுவார். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் பி.டி.எஃப். அனுப்பினால் இதில் எதுவும் நடக்காது. ஒத்திகையில் ஒரே வரியை ஏழு ஸ்டாண்டுகளில் ஏழு விதமாக வாசிப்பார்கள்.

பக்கம் திருப்புவது இன்னொரு தொல்லை. இருவர் பகிரும் ஸ்டாண்டில் உள்பக்கம் இருப்பவர்தான் திருப்புவார். ஓய்வு இல்லாத இடத்தில் பக்கம் முடிந்தால், அந்த நொடியில் பிரிவின் பாதி வயலின்கள் நின்றுவிடும். அதுவே சத்தம் ஓங்க வேண்டிய இடமாக இருந்தால், திடீரென்று ஒலி பாதியாவது பின்வரிசைக்கே கேட்கும். மூன்று விநாடியாவது ஓய்வு கிடைக்கும் இடத்தில் பக்கத்தை முடிக்க வேண்டும். இடம் மிச்சமிருந்தாலும் காலியாக விட்டுவிடலாம்.

தாள் ஏ4 அளவில் இருந்தால் சிறியது. 9.5 × 12.5 அங்குலமாவது வேண்டும். ஐந்து கோடுகளின் உயரம் 7 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலும் 8.5-க்கு மேலே போனாலும் படிக்கச் சிரமம். கையில் வயலினையும் வைத்துக்கொண்டு தள்ளியிருக்கும் தாளை இருவர் சேர்ந்து படிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பார்ட்டில் பிழை இருந்தால் என்ன ஆகும்? ஒரு கிளாரினெட் கலைஞர் கை தூக்கி "என் தாளில் இங்கே ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றும் குறி) இல்லையே, ஸ்கோரில் இருக்கிறதா?" என்று கேட்டு, கண்டக்டர் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்ல 30 விநாடி. 71 பேர் அந்த 30 விநாடி சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது பிழை இருந்தால் பத்து நிமிடம் காலி. கிளாரினெட், ஹார்ன் விஷயத்தில் இது இன்னும் குழப்பும். அவை எழுதியபடி ஒலிக்காத வாத்தியங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் 'ஸி' என்று எழுதியிருப்பதை வாசித்தால் காதில் விழுவது பி ஃப்ளாட். ஹார்னில் 'ஸி' எழுதினால் ஐந்து ஸ்வரம் கீழே எஃப் ஒலிக்கும். ஸ்கோரில் உண்மை ஒலியும் பார்ட்டில் மாற்றிய ஸ்வரமும் இருந்தால், எதைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் தெளிவுபடுத்த வேண்டியிருக்கும்.

இன்றைய நிரலில் கிளாசிக் என்று உட்கார்ந்திருக்கும் அதே சாய்கோவ்ஸ்கி வயலின் கான்செர்ட்டோ, 1881 டிசம்பர் 4 அன்று வியன்னாவில் புதுசாக வந்தபோது பட்ட பாடும் இதுதான். பார்ட்டுகளில் அவ்வளவு பிழை. ஒத்திகை முழுவதும் பிழை திருத்துவதிலேயே கழிந்தது. கச்சேரியில் ஏதாவது தடுமாறினாலும் வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழு இசை முழுவதையும் மிக மெல்லிய ஒலியிலேயே வாசித்துவிட்டது. தனி வயலின் வாசித்த அடால்ஃப் ப்ராட்ஸ்கி இதை சாய்கோவ்ஸ்கிக்குக் கடிதமாகவே எழுதினார். விமர்சகர் ஹான்ஸ்லிக் அந்த இசையைக் கடுமையாகத் தாக்கினார். அவர் கேட்டது இன்று நாம் கேட்கும் இசையையா, பயந்து பயந்து வாசித்த ஒன்றையா என்ற கேள்வி நியாயமானது.

கணினி சொல்லும் பொய்

இன்று எழுதுபவர்கள் கணினி மென்பொருளில் எழுதி, உடனே போட்டுக் கேட்கிறார்கள். அங்கேதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே மெல்லியது, காற்றுக் கலந்தது. கணினியில் அது நான்கு ஹார்ன்களுக்கு மேலே தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் மென்பொருள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக் வைத்தது போலச் சமப்படுத்திவிடுகிறது. அரங்கில் அப்படி யாரும் சமப்படுத்த மாட்டார்கள். ஹார்ன் ஓங்கினால் ஃப்ளூட் காணாமல் போகும். ஒத்திகையில் ஹார்னைக் குறைக்கச் சொல்வார்கள். அப்போது ஹார்னின் அழகும் போய்விடும். சரியான வைத்தியம் ஃப்ளூட்டை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுவது, அல்லது அந்த இடத்தில் ஹார்ன்களையே எடுத்துவிடுவது.

வாத்தியம் மாற்றும் நேரத்தையும் கணினி கேட்காது. இரண்டாம் ஃப்ளூட் கலைஞர் பிக்கலோ என்ற சின்ன ஃப்ளூட்டை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகம், நான்கு தட்டுக்கு ஒரு பார் என்றால் ஒரு பார் வெறும் 2 விநாடி. இரண்டு பார் ஓய்வு கொடுத்தால் 4 விநாடி. ஃப்ளூட்டை வைத்து, பிக்கலோவை எடுத்து, உதட்டைப் பொருத்தி, மூச்சிழுக்க அது போதாது. ஆறு, எட்டு பார் கொடுத்தால் நிம்மதி. அப்படியும், ஆறிக் கிடந்த பிக்கலோ முதல் ஸ்வரத்தில் சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். எனவே எடுத்த எடுப்பில் தனித்து வாசிக்க விடக் கூடாது.

ஹார்ப்பில் 47 தந்திகள், 7 பெடல்கள், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. இவற்றை மாற்ற இரண்டே கால்கள். பியானோவுக்கு எழுதுவது போல அரைச்சுர ஓட்டங்களை ஹார்ப்புக்கு எழுதினால் வாசிக்க முடியாது.

தாள வாத்தியத்தில் நடப்பது வேறு. இருவருக்கு 14 வாத்தியங்களை எழுதி, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் பெரிய காங்குக்கு ஒரு விநாடியில் போகச் சொல்வார்கள். எழுதும்போதே மேடைப் படம் ஒன்று வரைந்து, யார் எங்கே நிற்கிறார், கையில் எந்தக் குச்சி என்று நடந்து பார்த்தால் இது தானாகத் தெரிந்துவிடும்.

உதட்டுக் களைப்பு பற்றிப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. ஹார்ன், ட்ரம்பெட் வாசிப்பவர்களுக்கு உதடுதான் வாத்தியத்தின் பாதி. புதிய படைப்பில் 12 நிமிடமும் உச்ச ஸ்தாயியில் ஊதவைத்தால், இரவு முடிவில் ட்வோர்ஷாக்கின் நான்காம் பகுதி தொடங்கும்போது ஹார்னும் ட்ரம்பெட்டும் முழு வேகத்தில் முழங்க வேண்டிய அந்த மெட்டுக்கு உதடு மிஞ்சாது. முதல் ஹார்னுக்குத் துணையாக இன்னொருவரை அமர்த்துவது உண்டு. ஆனாலும் அன்றைய மற்ற இரண்டு படைப்புகளின் ஸ்கோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதுதான் முறை.

எட்டரை மணி நேரம்

சென்னை ரெக்கார்டிங்கில் கால்ஷீட் என்று சொல்வது போல இங்கேயும் ஒத்திகைக்கு அளவு உண்டு. அமெரிக்கப் பெரிய குழுக்களில் ஓர் ஒத்திகை இரண்டரை மணி நேரம். ஒரு கச்சேரி வாரத்துக்கு நான்கு வைத்துக்கொள்ளலாம், கடைசியாக நடப்பது முழு ஒத்திகை. பிரிட்டனில் மூன்று மணி நேர அளவு, எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு. நான்கு இரண்டரை பத்து. இடைவேளை போனால் எட்டரை மணி நேரம் சொச்சம்.

சிம்பொனியைக் குழு பலமுறை வாசித்திருக்கும். ஆனாலும் கண்டக்டர் புதியவரென்றால் இரண்டரை, மூன்று மணி நேரம் போய்விடும். கான்செர்ட்டோவுக்குத் தனி வாத்தியக்காரர் வந்த பிறகு இரண்டு மணி நேரம். மிச்சம் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் புதியதற்கு. அதாவது ஒரு நிமிட இசைக்குப் பதினேழு நிமிடத்துக்கும் மேலான ஒத்திகை. இது தாராளம் என்று தோன்றலாம். ஐந்தெட்டு, ஏழு பதினாறு என்று பாருக்குப் பார் தாளம் மாறும் இசையென்றால் பாதி நேரம் எண்ணிப் பழகுவதிலேயே கரைந்துவிடும். அந்தத் தாளமாற்றம் காதில் விழுகிறதா, தாளில் மட்டும் இருக்கிறதா என்று எழுதியவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாளில் மட்டும் என்றால் எளிமையாக மாற்றி எழுதலாம். கலைஞர்கள் நன்றி சொல்வார்கள்.

எழுதியவர் ஒத்திகையில் அரங்கின் நடுவில் ஸ்கோரோடு உட்கார்ந்திருப்பார். குறுக்கே பேசக் கூடாது. பார் எண்ணைப் போட்டுக் குறித்துவைத்து, இடைவேளையில் கண்டக்டரிடம் மட்டும் சொல்ல வேண்டும். "இன்னும் உணர்ச்சியாக" என்பது பயன்படாது. "87-ஆம் பாரில் இரண்டாம் வயலின் ஒலி ஒரு படி குறைவாக" என்பது உடனே நடக்கும்.

எந்த இடத்தில் வைப்பது?

புதியதை முதலில் வைப்பதுதான் வழக்கம். அதற்கு மிக மோசமான இடமும் அதுதான் என்பது என் கருத்து. தாமதமாக வருபவர்களை ஒரு படைப்பு முடியும்வரை உள்ளே விட மாட்டார்கள். எனவே அவர்கள் தவறவிடுவது எப்போதும் புதியதைத்தான். வாத்தியங்களும் முழுதாகச் சூடேறியிருக்காது. இடைவேளைக்குப் பிறகு, சிம்பொனிக்கு முன்னால் வைத்தால் எல்லாரும் இருக்கையில் இருப்பார்கள். தாள வாத்தியங்களைப் பரப்பி வைக்கவும் இடைவேளையின் 20 நிமிடம் இருக்கிறது. ஒரு குறை, அப்போது இரண்டாம் பாதி 54 நிமிடம் ஓடும்.

தனி வாத்தியமே புதியதாக இருந்தால் கான்செர்ட்டோ இடத்தையே அதற்குக் கொடுக்கலாம். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கேட்டு ரவிசங்கர் எழுதிய சிதார் கான்செர்ட்டோ 1971-ல் ஆந்த்ரே ப்ரெவின் நடத்த ஒலித்தது. மும்பையின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா கேட்டு சாகிர் உசேன் 2015-ல் தபலாவுக்காக 'பேஷ்கார்' எழுதினார். இத்தகைய படைப்பில் முதல் பிரச்சினை ஒலியளவு. 70 பேருக்கு எதிரே சிதாரோ தபலாவோ மைக் இல்லாமல் நிற்காது. மைக் வந்தால் ஒலிப்பெருக்கியை எங்கே வைப்பது, தனி ஒத்திகை நேரம் எவ்வளவு என்பதும் கணக்கில் சேரும்.

முதல் முறை போகிறவர்களுக்கு

வீட்டிலேயே ட்வோர்ஷாக்கின் இரண்டாம் பகுதியை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்கள் மெதுவாக ஏழு ஸ்வரக் கூட்டுகளை ஒலிக்கும். டியூபாவின் பதினான்கில் முதல் ஏழு அங்கேதான். அது அடங்கியதும் தந்திகள் மெல்ல விரிய, கோர் ஆங்லே தனியாக ஒரு மெட்டைத் தொடங்கும். கோர் ஆங்லே ஓபோவின் பெரிய சகோதரி. கனிந்த, சற்றுச் சோகமான குரல். சிம்பலின் அந்த ஒரே தட்டு நான்காம் பகுதியில், கிளாரினெட் தன் மென்மையான மெட்டைத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வரும். ஓங்கி அடிக்க மாட்டார்கள், கவனிக்காவிட்டால் தவறிவிடும்.

புதியதைக் கேட்கும்போது புரிகிறதா என்று தேட வேண்டாம். முதலில் என்ன ஒலித்தது, அது திரும்ப வருகிறதா, எந்த இடத்தில் எல்லாரும் சேர்கிறார்கள் என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மாடி இருக்கை கிடைத்தால் அதுவே நல்லது. பின்னால் நிற்கும் தாளக்காரர்கள் எதை எடுக்கப் போகிறார்கள் என்று ஒலிக்கு முன்பே கண்ணில் படும். அந்த இசையை இதற்கு முன் கேட்டவர்கள் அரங்கில் யாரும் இல்லை, அருகில் உட்கார்ந்திருக்கும் விமர்சகர் உட்பட.

கைதட்டல் நம் கச்சேரி வழக்கத்திலிருந்து மாறுபடும். சிம்பொனியின் நான்கு பகுதிக்கும் நடுவே தட்டாமல், முழுவதும் முடிந்து கண்டக்டர் கையை இறக்கிய பிறகு தட்டுவது இன்றைய பழக்கம். சாய்கோவ்ஸ்கியின் முதல் பகுதி முடியும் வேகத்தில் பலருக்குக் கை தானாகத் தட்டிவிடும். அதில் குற்றமில்லை, 19-ஆம் நூற்றாண்டில் எல்லாரும் அப்படித்தான் தட்டினார்கள்.

அரங்கேற்றத்துக்கு மறுநாள்

பார்ட்டுகள் நூலகருக்குத் திரும்பும். அவற்றில் கலைஞர்கள் பென்சிலால் போட்ட குறிப்புகள் இருக்கும்: இங்கே பக்கம் சீக்கிரம் திருப்பு, இங்கே கண்டக்டரைப் பார், இந்த ஸ்வரம் தவறு. எழுதியவர் அவற்றை அழிக்கச் சொல்லக் கூடாது. நகலெடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பதிப்பைத் திருத்த வேண்டும்.

இசையமைப்பாளர் டானியா லியோனின் 'ஸ்ட்ரைட்', நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் கேட்டு எழுதப்பட்டு 2020 பிப்ரவரியில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்படிப் பரிசு கிடைக்காதவற்றுக்கு இரண்டாவது மேடையைத் தேடித் தருவது ஒலிப்பதிவும், பிழையில்லாத பார்ட்டுகளும், அந்த ஒரு வரி எண்களும்தான். முதல் முறை கேட்ட பிறகு மாற்றத் தோன்றினால் தயங்கவும் வேண்டாம். பாஸ்டனில் அரங்கேறி இரண்டு மாதம் கழித்து, 1945 பிப்ரவரியில், பார்ட்டோக் தன் கான்செர்ட்டோவின் முடிவை நீட்டி எழுதினார். இன்று பெரும்பாலான குழுக்கள் வாசிப்பது அந்த இரண்டாவது முடிவைத்தான்.